சரி, மாமா

என் மாமா பல் தேய்ப்பதைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும், சார். மாமா என்றால் அக்காவின் கணவர்; ஒரே வீட்டில்தான் இருந்தோம். கண் பாதி மூடியிருக்கும், கை அதுபாட்டுக்குத் தேய்க்கும், மனசு எங்கோ ஊர் சுற்றும். ஒருநாள் பேஸ்ட் இருந்த இடத்தில் ஷேவிங் க்ரீமை வைத்தேன். வாய் நிறைய நுரையோடு வெளியே வந்தவர், "மாப்ள, புது பேஸ்ட் ஜோரா இருக்குடா" என்றார்.

அவரை மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மரச்சாமான் கிடங்கில் இருவருக்கும் வேலை. ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த பீரோ எந்த மூலையில் அடங்கும் என்று சொல்லிவிடுவார். எதையும் மொத்தமாகப் பார்க்கிற புத்தி. எனக்கு எல்லாவற்றையும் பிய்த்துப் பிய்த்துப் பார்க்கிற புத்தி. எந்தக் கட்டிலில் எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று என்னைக் கேளுங்கள். அதனால்தானோ என்னவோ, எனக்கு எந்தப் பழக்கமும் ஒட்டுவதில்லை. பூட்டிய பூட்டைப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மாமாவுக்கு ஒரு வேலை நாலு தடவை சரியாக நடந்துவிட்டால், அப்புறம் கைகால் பார்த்துக்கொள்ளும். தலைக்கு லீவு.

முதலாளி அவரை மேற்பார்வையாளர் ஆக்கினார். "உன் மாமா கண்ணுல கிடங்கே அடங்குது. நீ திருகாணியக் கட்டிக்கிட்டு அழு" என்றார் என்னிடம். மாமா என் தோளைத் தட்டினார். "விடு மாப்ள, திருகாணியும் வேணும்ல."

நல்ல மனுஷர். எனக்கு வருத்தமே இல்லை. மறுநாள்தான் பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கத் தோன்றியது.

மேல்மாடியில் சரக்கு லிஃப்ட். கதவுப் பூட்டு பழுது. லிஃப்ட் வராவிட்டாலும் கதவு திறக்கும். மேற்பார்வையாளரான பிறகும் மாமாதான் தள்ளுவண்டியை இழுத்தபடி பின்பக்கமாக நடந்து உள்ளே போவார். ஆரம்பத்தில் திரும்பிப் பார்ப்பார். நான் கதவைத் திறந்து, லிஃப்ட் நிற்கிறதா என்று பார்த்து, "சரி, மாமா" என்பேன். மழைக்காலம் முழுக்க ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. பொறுமை என்றால் அது பொறுமை. வெயில்காலம் வந்தபோது அவர் கழுத்துகூடத் திரும்பவில்லை.

அன்றைக்கு லிஃப்ட் கீழே இருந்தது. கதவைத் திறந்தேன். "சரி, மாமா" என்றேன். அக்காவின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று பேசிக்கொண்டே போனார். பீரோவும் கூடவே போனது.

அக்கா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

நீங்கள் 'கவனக்குறைவால் விபத்து' என்று எழுதி வழக்கை மூடிவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவருக்குக் கவனம் குறையவில்லை, சார், என்னிடம் ஒப்படைத்திருந்தார். அந்த வார்த்தையை அடித்துவிட்டு, நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள். தப்பான வார்த்தை கண்ணை உறுத்துகிறது.

கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. கிடங்கில் ஆள் இல்லை. மாமா இடத்துக்கு வந்திருப்பவர், நான் "சரி" சொன்ன பிறகும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். கூட வேலை செய்கிறவனை நம்பாத ஆளோடு எப்படித்தான் காலம் தள்ளுவது?