அச்சில் இல்லாத சபையின் உபதேசியாருக்கு

முப்பத்தோராண்டு முள்ளும் மேடும் மிதித்து, மழையென்றும் பனியென்றும் பாராது, நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர்களை நடந்தே அளந்த நேசமே! ஆயர் இல்லா ஆலயத்தில் ஆயராய், ஆறுதல் அற்ற வீடுகளில் ஆறுதலாய் நின்ற உபதேசியார் ரங்கன் ஐயா அவர்களே! தங்கள் பணிநிறைவு நாளில் கைகூப்புகிறோம்.

புகழ்ந்து நான்கு வரி எழுதி முடித்திருப்போம். மருத்துவமனை நர்ஸ் அம்சவல்லி விடவில்லை. "நல்லது மட்டும் எழுதினா அது ஐயா இல்ல. நடந்தத எழுதுங்க" என்றார். எழுதுகிறோம், பொறுத்தருள்க!

அறுப்பின் பண்டிகையில் சாமைக் கதிருக்கும் புளிக்கும் தேனுக்கும் தோத்திரம் சொல்லிவிட்டு, வற்றிய ஓடைக்கும் தீயில் கருகிய சரிவுக்கும் சொல்வீர்களே! "செத்த ஓடைக்கு இன்னாத்துக்குங்க தோத்திரம்?" என்று கேட்டவரிடம், "அதுவும் அவரு படைச்சதுதானே? சீக்காளின்னு கணக்குல சேக்காம வுட்டுருவோமா?" என்றீர்கள். அதை அம்சவல்லி மறக்கவேயில்லை.

ஆண்டுதோறும் சபைகளுக்கெல்லாம் தலைமையான பேராயத்திலிருந்து ஜெபப் பட்டியல் அச்சாகி வரும். ஞாயிற்றுக்கு மூன்றாக நூற்றைம்பத்தாறு சபைகள். அன்றன்று அந்த மூன்றுக்காக மற்றெல்லாச் சபையாரும் முழங்காலிடுவர். முகம் அறியா ஊர்களுக்காக நாமும் முழங்காலிட்டோம். வேதாகமத்துக்குள் பட்டியலை வைத்துத் தாங்களே வாசிப்பீர்கள். ஆகஸ்டு மூன்றாம் ஞாயிறு நம் முறை என்பீர்கள்.

மூன்றாண்டுக்கு முன் அந்த ஞாயிற்றுக்கு நான்கு நாள் இருக்கையில், மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு இறங்கிய ஜீப் மழையில் உருண்டது. கல்லூரியில் சேரப் போன கவியா, அம்சவல்லியின் ஒரே மகள், போய்விட்டாள். அந்த ஞாயிறன்று கிணற்றடியில் பித்துப் பிடித்து நின்ற தாயைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து தாங்கள் சொன்னீர்கள்: "இன்னிக்கு நூத்தம்பத்தாறு சபையும் நம்ம பேரச் சொல்லி முட்டி போட்டிருக்குதும்மா. நீ தனியா இல்ல." அந்த ஒரு சொல்லில்தான் அவர் பிழைத்தார்.

சென்ற வாரம் தாங்கள் ஒப்படைத்த அலமாரியில் முப்பத்தொரு பட்டியல்களும் இருந்தன. அம்சவல்லி ஒவ்வொன்றாகப் புரட்டினார். எதிலும் நம் சபையின் பெயர் அச்சில் இல்லை. ஆகஸ்டு மூன்றாம் ஞாயிற்றுக்கு நேரே, நீல மையில், தங்கள் கையெழுத்தில் மட்டும் இருந்தது. கையோடு பட்டியல்களை அள்ளிக்கொண்டு தங்கள் வீட்டுக்கே வந்து நின்றார்.

"ஆயர் இருக்கிற சபைதான் பட்டியல்ல வருமாம். மூணு தபா எழுதினேன், பதிலே இல்ல. நீ கெணத்தடியில நின்னுக்கினு இருந்த. நான் இன்னாம்மா சொல்றது?" என்றீர்கள்.

"அப்போ எம் பொண்ணுக்காக யாருமே ஜெபம் பண்லியா?"

உடன் வந்த ஆலயக் காவலர் காசிதான் சொன்னார்: "அன்னிக்கு ஆராதன முடிஞ்சும் ஐயா எழுந்திரிக்கல. ஒவ்வொரு சபையா பேரச் சொல்லி, அவங்களுக்குப் பதிலா அவரே ஜெபம் பண்ணாரு. நூத்தம்பத்தாறும் முடியறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சி. நான்தான் தூக்கி நிக்க வச்சேன்."

மூன்றாண்டாகத் தொடரும் தங்கள் முழங்கால் நோவின் காரணம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்சவல்லி அழுதார். ஆனாலும் ஆறவில்லை. "நீங்க ஒருத்தரே நூத்தம்பத்தாறு சபையா ஆக முடியாதுங்க. செத்த ஓடையையே நீங்க கணக்குல சேத்தீங்க. நம்ம சபைய மட்டும் பேராயம் சேக்காம வுடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐயா, அடுத்த ஆண்டுப் பட்டியல் வந்துவிட்டது. இம்முறையும் நாம் இல்லை. நீலப் பேனாவை அம்சவல்லியிடம் நீட்டினோம், வாங்க மறுத்துவிட்டார். மகள் போன நாள்முதல் ஜீப்பில் ஏறாத அவர், திங்கட்கிழமை அதே பாதையில், ஜீப்பிலேயே, பேராய அலுவலகத்துக்குப் போகிறார். "அச்சுல வர வரிக்கும் வாசல்லயே குந்திக்கினு இருப்பேன்" என்கிறார். அவர் தங்களை மன்னித்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

பெருந்தகையே! முழங்கால் நோவு நீங்கி, மூச்சில் தெம்பு ஓங்கி, இம்மலையும் மரமும் மாந்தரும் போற்றப் பல்லாண்டு வாழ்க! இம்மடலைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும்போது, பக்கத்தில், வரப்போகும் அச்சுப் பட்டியலுக்கு, இன்னோர் ஆணியும் அடித்துவைக்கும்படி அம்சவல்லி சொல்லச் சொன்னார்.

என்றும் அன்புடன்,
ஆலய, பள்ளி, மருத்துவமனை ஊழியர்கள்,
நெல்லிவாசல்நாடு