டாலர் இறங்குற நாள்

இல்ல சார், நான் குறுக்க வரல. டோக்கன் நூத்திப் பதினாலு, பாருங்க. கீழ வாட்ச்மேன்தான் மூணாவது ஜன்னலுக்குப் போங்கன்னாரு. ஆமா, வெளிநாட்டுப் பார்சல்தான். சின்னப் பெட்டி. உள்ள இருக்கறது முட்டி. சிரிக்காதீங்க, நெஜமாத்தான். செயற்கைக் காலுக்கு மாட்டுற முட்டி. என் வீட்டுக்காரி பேருக்கு வந்திருக்கு.

வரி எவ்வளவுன்னு பாருங்க. அவசரமில்ல, கடையச் சாத்திட்டுத்தான் வந்தேன். செல்போன் ரிப்பேர் கடை. டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாமே வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்லதான் எடுப்பேன். பதினோரு வருசமா இந்தப் பொழப்புதான். அதனால இந்த டாலர் விளையாட்டு எனக்கு அத்துப்படி. டிவில ஒரு ரேட் சொல்லுவான், கார்டு கம்பெனி வேற ரேட்டுல எடுப்பான், அதுமேல மாத்துறதுக்குன்னு தனியா ஒரு கமிஷன். நீங்க இங்க வரிக்குன்னு இன்னொரு ரேட் வெச்சிருக்கீங்க. உங்க ஊர்க் காசுலயே விலையக் காட்டட்டுமான்னு அந்த வெப்சைட்டே பாசமாக் கேக்கும் பாருங்க, சரின்னா அவன் வெச்ச ரேட்டுதான், அதுதான் பெரிய பள்ளம். எங்க தெருவுல யார் என்ன வாங்குனாலும் இன்னைக்கு வாங்கலாமா, நாளைக்கு வாங்கலாமான்னு எங்கிட்டதான் கேப்பாங்க. டாலர் டாக்டர்னு பேரு எனக்கு.

நம்பர் இதோ, இந்தக் காகிதத்துல இருக்கு சார்.

அவளுக்குக் கால் போய் ஏழு வருசமாச்சு. லாரி. முட்டிக்கு மேலயே எடுத்துட்டாங்க. ஆனா ஒரு நாள் மூலைல உக்காந்தவ இல்ல. துணி தைக்கிற கம்பெனில செக்கிங் வேலை, எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பாக்கணும். உக்காந்து பாருங்கன்னு ஸ்டூல் குடுத்தாங்க. அதுமேல டிபன் பாக்ஸ வெச்சுக்கிட்டா.

போன மழைல இருந்து அந்த முட்டி சரியில்ல. நடக்கும்போது திடீர்னு மடங்கிடும். கால் செஞ்சு குடுத்தவர்கிட்டக் காட்டுனோம். தேஞ்சுபோச்சு, இது தாங்காது, ஒரு மாசத்துக்குள்ள மாத்திடுங்கன்னாரு. இங்க கெடைக்காது, வெளிநாட்டுல இருந்துதான் எடுக்கணும்னு மாடல் நம்பரையும் எழுதிக் குடுத்தாரு. காசு இருந்துச்சு சார். அதச் சொல்லணும். காசில்லாம நிக்கல நான்.

அன்னைக்கு டாலர் ஏறியிருந்துச்சு. ரெண்டு நாள்ல இறங்கும்னு எனக்குத் தெரியும். வெப்சைட்ல எடுத்துக் கூடைல போட்டு வெச்சேன், பணம் மட்டும் கட்டல. சாப்பிடறப்ப அவ கேட்டா, ஆர்டர் போட்டாச்சான்னு. வாய்ல சோறு. போட்டாச்சுன்னுட்டேன். நாளைக்குப் போடத்தானே போறோம், இன்னைக்குச் சொன்னா என்னன்னு.

மறுநாள் இன்னும் ஏறிடுச்சு. அதுக்கு மறுநாளும். எனக்கு வெறி வந்துடுச்சு சார். காலைல கண்ணு முழிச்சதும் ரேட்டத்தான் பாப்பேன். பல்லுகூட அப்புறம்தான். ஏறுன வெலைக்கு வாங்குனா நான் தோத்துட்ட மாதிரி. அவ தெனமும் கேப்பா, எங்க வந்திருக்குன்னு. கப்பல்ல வருதுன்னேன். அப்புறம் போர்ட்டுக்கு வந்துடுச்சுன்னேன். அப்புறம் வேற என்ன சொல்றதுன்னு தெரியாம, பார்சல் ஆபீஸ்ல கெடக்கு, வரி போட லேட் பண்றாங்க, விட மாட்டேங்குறாங்கன்னேன். உங்க மேல பழியப் போட்டேன். மன்னிச்சுக்கங்க. இருபத்தி மூணு நாள் இப்படியே ஓட்டுனேன்.

வீட்டுலயே ரெண்டு தடவ விழுந்தா. ஒரு தடவ பாத்ரூம்ல. கன்னம் வீங்கிடுச்சு. பரவால்ல, முட்டிதான் வரப்போகுதேன்னு எனக்குத் தைரியம் சொன்னா அவ.

இருபத்தி நாலாவது நாள் டாலர் இறங்குச்சு. நல்லா இறங்குச்சு. கடைல வேலைய அப்படியே போட்டுட்டுப் பணத்தக் கட்டுனேன். பதினொன்னு பத்து. மெசேஜ் இன்னும் போன்ல இருக்கு. எவ்வளவு மிச்சம் தெரியுமா சார்? அவளுக்கு ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்கலாம், அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன், ஜெயிச்சுட்டேன்னு.

என்ன கேட்டீங்க? வரி ஜாஸ்தி வரும், வேணாம்னா திருப்பி அனுப்பவான்னு கேக்குறீங்களா? அனுப்பலாம். ஆனா இப்ப டாலர் இன்னும் இறங்கியிருக்கு. அன்னைக்கு ரேட்டுக்குக் கட்டுன பணம் இன்னைக்கு ரேட்டுக்குத்தான் திரும்பி வரும். பாருங்க, இப்பவும் இந்தப் புத்தி கணக்குப் போடுது. வேணாம் சார். கால் செஞ்சவர்கிட்டக் குடுத்துட்டா வேற யாருக்காவது மாட்டுவாரு.

ஆமா. அவளுக்குத் தேவைப்படாது. பார்சல் அவ பேர்ல இருக்கறதால டெத் சர்ட்டிபிகேட் கொண்டாந்திருக்கேன். ரெண்டு காப்பி. ஒண்ண நீங்க வெச்சுக்கங்க.

தேதியப் பாக்குறீங்களா? அது ஆஸ்பத்திரில ரெண்டு நாள் கெடந்த அப்புறம். விழுந்தது, நான் பணம் கட்டுன அன்னைக்குத்தான். உங்க மாடிப்படிலதான் சார். லிஃப்ட் ஓடல. எனக்குக் கடைல வேலைன்னு, அவளே லீவு போட்டுட்டு பார்சல வாங்கிட்டுப் போய் என் முன்னால நிக்கலாம்னு வந்திருக்கா. ஏறும்போது ஒண்ணும் ஆகல. மூணு மாடியும் ஏறிட்டா. இறங்கும்போதுதான். பதினொன்னு நாப்பதுக்கு வாட்ச்மேன் போன் பண்ணாரு.

பேனாவ ஏன் வெச்சுட்டீங்க? எழுதுங்க சார். உங்களக் குத்தம் சொல்ல வரல. ஊதாக் கலர் சுடிதார், கைல குச்சி, மூணாவது ஜன்னல்ல உங்ககிட்டதான் பேசுனான்னு வாட்ச்மேன் சொன்னாரு. இந்தப் பேர்ல ஒரு பார்சலும் வரலம்மான்னு சொல்லியிருப்பீங்க. உண்மையத்தானே சொன்னீங்க. நான் கேக்க வந்தது வேற. அதக் கேட்டுட்டு அவ என்ன சொன்னா?

...

சிரிச்சாளா?

எங்க வீட்டுக்காரருக்கு வேல ஜாஸ்தி, ஆபீஸ மாத்திச் சொல்லியிருப்பாருன்னு சொன்னாளா?

சரி சார். வரி எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிடறேன்.