சர்க்கரை டப்பாவில் பொத்தான்கள்

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. இந்த நாட்டில் பிறந்தவன். தொழில், உயர்நிலைப்பள்ளி மொழியாசிரியர். முகவரி, ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி, இடது பக்க வீடு. சென்ற மாதம் உங்கள் குடிவரவு அலுவலகத்தில் என்னிடம் ஒரு வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது. அது ஒன்றேகால் பக்கம். கேட்டதற்குச் சொன்ன பதில்கள் அதில் இருக்கின்றன. நீங்கள் சொல்ல விடாதவை அதில் இல்லை. அந்த மீதியை இங்கே நானே பதிவு செய்கிறேன்.

என் மனைவி வேற்று நாட்டவள். வயது நாற்பத்தாறு. பத்து ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அனுமதியில் இங்கே வந்தாள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக நான் மாலையில் நடத்திய மொழி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவாள். தேர்வில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை தேறிய அன்று, "வாத்தியாரே, இனிமே நான் எந்தச் சாக்குல இங்க வர்றது?" என்று கேட்டாள். அதன் பிறகு, எட்டு ஆண்டுகளுக்கு முன், பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டோம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் என் தம்பி.

திருமணத்தோடு அவளுடைய வேலை அனுமதி ரத்தாகி, உள்நாட்டவரின் மனைவி என்ற அனுமதி கிடைத்தது. வேலை செய்யக் கூடாது என்று அதன் மேலேயே முத்திரை குத்தியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நானும் வந்து, இவள் இன்னும் என் மனைவிதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழாம் எண் ஜன்னலில் இருக்கும் அம்மா ஒவ்வொரு முறையும், "இன்னும் சேர்ந்துதான் இருக்கீங்களா?" என்று கேட்பார். ஒரு தடவை என் மனைவி, "இவரு குறட்டையை ஒரு நாள் வந்து கேளுங்கம்மா. நான் இல்லன்னா வேற யாரு இருப்பா?" என்றாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. முத்திரையை மட்டும் கொஞ்சம் பலமாகக் குத்தினார்.

மணமாகி ஐந்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தால் நிரந்தர வசிப்புரிமை கோரலாம் என்பது உங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் விதி. அதைப் படித்துத்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பித்தோம். அதன் பிறகு அதை நினைவூட்டிப் பதினொரு கடிதங்கள் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் என் முழுப்பெயர், முகவரி, எங்கள் இருவரின் கையெழுத்து, அரசு அலுவலர் ஒருவரின் சான்று. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கேட்டால், "கோப்பு மேல போயிருக்கு சார்" என்பார் ஏழாம் எண் அம்மா. உங்கள் கட்டடத்துக்கு இரண்டே மாடி.

இந்நிலையில் சென்ற மாதத் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் திருமணம் வசிப்புரிமைக்காக நடத்திய நாடகம் என்று ஒரு மனு வந்திருப்பதாகவும் விசாரணைக்கு இருவரும் ஆஜராக வேண்டும் என்றும் அதில் இருந்தது. அந்த மனுவில் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை என்று பிறகு விசாரணை அதிகாரியே சொன்னார். கடிதத்தின் தலைப்பில் மனு வந்து சேர்ந்த தேதி இருந்தது. அதிலிருந்து ஒன்பதாம் நாள் உங்கள் கடிதம் என் கையில் இருந்தது.

மனுவை எழுதியது யார் என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பு என் தம்பி எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே, "அண்ணா, உனக்கு ஒண்ணு ஆயிட்டா இந்த வீடு எங்கேருந்தோ வந்தவளுக்கா போகணும்?" என்று கேட்டான். அவன் சாப்பிட்ட தட்டு அப்போது என் மனைவியின் கையில் இருந்தது. அவள் அதைக் கழுவி வைத்தாள். அதன் பிறகு நான் அவனோடு பேசவில்லை. இனியும் பேசப்போவதில்லை.

கடிதம் வந்ததிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் இல்லை. விசாரணை என்றால் அவளுக்கு வாய் அடைத்துப்போகும். அதனால் ஆசிரியன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, கேட்கக்கூடிய அறுபத்து நான்கு கேள்விகளை எழுதி, அவற்றை வைத்து முதலில் அவளுக்கு ஒரு தேர்வு நடத்தினேன். அவள் விடை எழுதினாள். நான் சிவப்பு மையில் திருத்தினேன். அறுபத்து நான்குக்கு ஐம்பத்தெட்டு. தவறிய ஆறுக்கும் சரியான விடையை நானே எழுதி, ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுதச் சொன்னேன். "கல்யாணம் ஆயும் இம்போசிஷனா வாத்தியாரே?" என்று சிரித்துக்கொண்டே எழுதினாள். இதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நோட்டு அடுப்பங்கரை அலமாரியிலேயே கிடந்தது.

விசாரணையில் எங்களைத் தனித்தனி அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். முடிந்ததும் விசாரணை அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தை கூட மாறல சார். நானும் கல்யாணம் ஆனவன்தான். என்னைப் பத்தி என் பொண்டாட்டிய கேட்டா பாதி தப்பா சொல்லுவா. நிஜப் புருஷன் பொண்டாட்டின்னா ஒண்ணு ரெண்டு தப்பு வரணும்" என்றார். தப்பு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து அதே அதிகாரி ஒரு பெண் காவலருடன் வீட்டுக்கு வந்தார். படுக்கையறை, குளியலறை, துணி அலமாரி பார்த்த பிறகு அடுப்பங்கரைக்கு வந்தார். அங்கே டப்பாக்களின் மேல் அவளுக்கு எழுத்துப் பழக நான் எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. மாவு, உப்பு, மிளகு, சர்க்கரை. அதிகாரி சர்க்கரை டப்பாவைத் திறந்தார். உள்ளே சட்டைப் பொத்தான்கள் இருந்தன.

"உங்க டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னு ரெண்டு பேரும் சொன்னீங்களே. எங்க சார்?"

நான் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தேன். வீட்டில் சர்க்கரை இல்லை. என் மனைவி ஏதோ சொல்ல வாய் திறந்தாள். "நீங்க பேசாதீங்கம்மா, சாரைத்தான் கேட்டேன்" என்றார் அதிகாரி. எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்போதுதான் அலமாரியில் இருந்த நோட்டு அவர் கண்ணில் பட்டது. முதல் பக்கத்தைப் பார்த்து, "மனைவிக்கு மார்க் வேற போட்டிருக்கீங்க" என்று சொல்லி அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் என் வாக்குமூலம் பதிவானது. "கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க சார், கதை வேண்டாம்" என்றார். நோட்டை நான் தயாரித்ததாக ஒப்புக்கொள்கிறார். வீட்டில் சர்க்கரை ஏன் இல்லை என்று தெரியாது என்கிறார். இவ்வளவுதான் அதன் சாரம். இரண்டும் உண்மை என்பதால் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று என் மனைவியை மட்டும் அழைத்தார்கள். போனவளை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அனுமதி ரத்து, நாட்டை விட்டு வெளியேற்றம், மீண்டும் நுழைய ஐந்து ஆண்டுகள் தடை. அவள் கிளம்பும்போது என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் ஊசியைக் குத்தி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள். ஊசி இன்னும் அதில் இருக்கிறது.

தடுப்பு இல்லத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து தொலைபேசியில் பேச எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. "வீட்டுல சர்க்கரை எங்க போச்சு?" என்றுதான் கேட்டேன்.

"மூணு வருஷமா வாங்கலையே. டாக்டர் சர்க்கரையே கூடாதுன்னு சொன்ன அன்னிக்கு நீங்க டம்ளரைத் தூக்கி அடிச்சீங்க இல்ல? அன்னிலேர்ந்து இனிப்பு மாத்திரைதான். அதைப் போட்டுட்டு, உங்க காதுல விழுற மாதிரி ஸ்பூனால நல்லா கலக்குவேன். டப்பா காலியா இருந்தா தூக்கும்போது தெரிஞ்சிடும்னு பொத்தானைப் போட்டு வெச்சேன்."

"இதை அவங்ககிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நோட்டுல நீங்க ரெண்டு ஸ்பூன்னு எழுதியிருந்தீங்க. நான் மாத்திச் சொன்னா உங்க பேச்சு பொய்யாயிடுமே. முதல்ல நான் சரியாத்தான் எழுதினேன் வாத்தியாரே. நீங்கதான் அடிச்சிட்டீங்க."

அதன் பிறகு நேரம் முடிந்தது என்று காவலர் சைகை காட்டினார். தொலைபேசியை வைப்பதற்கு முன், "மாத்திரை மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. அது தீந்துட்டா சர்க்கரை வாங்கிடாதீங்க" என்றாள்.

அந்த மூன்று ஆண்டுகளில் என் ரத்தச் சர்க்கரை அளவு பாதியாகக் குறைந்தது. காலை நடைதான் காரணம் என்று ஆசிரியர் அறையில் பெருமை பேசியிருக்கிறேன்.

நோட்டு உங்கள் வசம் இருக்கிறது. நான்காம் பக்கத்தைத் திறந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கேள்வி எண் இருபத்துமூன்று: கணவர் தேநீரில் எவ்வளவு சர்க்கரை சேர்த்துக்கொள்வார்? அதற்குக் கீழே அவள் கையெழுத்தில், 'சர்க்கரை இல்லை' என்று இருக்கும். அவளுக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து அதைச் சிவப்பு மையில் அடித்தவன் நான். அவள் தகராறு செய்யவில்லை. செய்திருந்தால் மாத்திரை விஷயம் எனக்குத் தெரிந்துபோயிருக்கும். என் வாழ்க்கையைப் பற்றி அந்த நோட்டில் இருக்கும் உண்மையான விடை அது. வீட்டுக்கு வந்து இரண்டு மாத்திரை போட்டு டீ குடித்துப் பார்த்தேன். தித்திப்பு தாங்கவில்லை. ஒன்று போட்டால் சரியாக இருக்கிறது. எனவே கேள்வி எண் இருபத்துமூன்றுக்கு என் விடையை இவ்வாறு திருத்திக்கொள்கிறேன்: சர்க்கரை இல்லை, ஒரு மாத்திரை. நேசமில்லாத மனைவி மூன்று ஆண்டுகள் வெறும் ஸ்பூனால் கலக்கிச் சத்தம் காட்டமாட்டாள் என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இதைச் சொல்ல நேற்று ஏழாம் எண் ஜன்னலுக்குப் போனேன். "வாக்குமூலம் முடிஞ்சிருச்சு, இனி சேர்க்க முடியாது. மேல்முறையீடு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. தொண்ணூறு நாள்ல பதில் வரும்" என்றார். அவளுடைய விமானம் எப்போது என்று சொன்னேன். "அது வேற பிரிவு சார்" என்றார்.

எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. என் பக்கத்துத் தவறைக் குறைத்துச் சொன்னதும் இல்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து, மறுபடி மூடிவிட்டேன். ஒளிந்துகொள்வதற்காக அல்ல, கோப்பைத் திறந்தால் நான் யார் என்று உங்கள் கடைநிலை ஊழியருக்கும் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்ட பதினொன்று உங்களிடம் தூங்குகின்றன. கையெழுத்தில்லாத ஒன்றுதான் உங்களை எழுப்பி என் வீட்டுப் படியேற வைத்தது. அதனால் இதையும் அப்படியே, கையெழுத்தில்லாமல், நாளைக் காலை பள்ளிக்குப் போகிற வழியில் தபாலில் சேர்க்கிறேன்.

இதற்கும் ஒன்பது நாளில் வந்துவிடுங்கள். விமானம் பன்னிரண்டாம் நாள்.