சனிக்கிழமை நிறை

துஷாந்தி மிஸ், உங்கள் ஆய்வுக் கேள்வித்தாளில் சூதாட்டத்தால் எங்கள் தோட்டத்துக்கு என்ன பாதிப்பு என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு இரண்டே கோடு விட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் கடதாசிக்குத் தட்டுப்பாடு போலிருக்கிறது. தாளின் பின்பக்கத்திலும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், பெண்கள் பறித்துவரும் கொழுந்தை நிறுக்கும் கணக்கப்பிள்ளை நான். சீட்டு, லொத்தர் எல்லாம் எனக்கு ஆகாது. அவை சோம்பேறிகளின் விளையாட்டு. நான் தொடங்கிவைத்த பந்தயத்தில் உழைப்பு இருந்தது. சனிக்கிழமை அந்தியில் எவளுடைய கொழுந்து அதிக நிறை காட்டுகிறதோ, அவள்மேல் பணம் கட்டியவர்களுக்கு வெற்றி. பொருளாதார விளைவு கேட்டீர்களே, பெக்டரிக்குக் கொழுந்து கூடியது. சமூக விளைவு, புருஷன்மார் விடியலில் எழுந்து பெண்சாதிக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்தார்கள். எந்தத் தொழிற்சங்கமும் இதைச் சாதித்ததில்லை.

விஜயலெட்சுமி நல்ல கைக்காரி. ஏழு மாதக் கர்ப்பிணியான பிறகும் பாதித் தோட்டம் அவள்மேல்தான் கட்டியது. நானும் கட்டினேன். ஒரு சனிக்கிழமை பகல் நிறைக்கு வந்தவள், "ஐயா, இடுப்பு கடுக்குதுங்க. லயத்து வீட்டுக்குப் போகட்டுங்களா?" என்று கேட்டாள். அப்போது அவள்தான் முன்னால் இருந்தாள்.

"இப்ப போனா அரைப்பேருதாம்மா விழும்," என்றேன். பாதிச் சம்பளம் என்று அர்த்தம். நான் நினைத்திருந்தால் முழுச் சம்பளமே போட்டிருக்கலாம். ஆனால் கொழுந்து செழித்துக் கிடந்த செங்குத்து மலைக்கு அனுப்பினேன். பாவமாகத்தான் இருந்தது.

அந்தியில், வலி கண்டவளைச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொழுந்து லொறி தயாராக நின்றது. ஆனால் நிறுக்கும்போது பறித்தவள் பக்கத்தில் இல்லாத கொழுந்து பந்தயத்தில் சேராது. அது நானே வைத்த விதி. அவளுக்கு முன்னால் வரிசையில் முப்பது பேர். வரிசையைக் குலைத்தால் பிறகு பொல்லாப்பு. லொறியை நிற்கச் சொன்னேன். அவள் புருஷன் கிரிஷாந்தன் என் முகத்தைப் பார்த்தான், தராசைப் பார்த்தான். அவனும் அவள்மேல் கட்டியிருந்தான்.

நாற்பத்திரண்டு கிலோ. அவளே வென்றாள். ஆஸ்பத்திரி வாசல் வருமுன்பே, லொறியில், பிள்ளை இறந்து பிறந்தது. முக்கால் மணிநேரம் முந்தியிருந்தால் பிழைத்திருக்கும் என்றார்கள். அந்த முக்கால் மணிநேரத்தைப் பிடித்து வைத்தவன் நான்தான், மறுக்கவில்லை.

கடைசியாக, 'நீங்கள் சூதாடுபவரா?' என்று கேட்டிருக்கிறீர்கள். 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டிருக்கிறேன்.