பெயருக்கு நடுவில் ஒரு கோடு

"உங்கப்பா பேரையே அது ஏத்துக்கல, நீ வேலை முடிஞ்சிருச்சுங்கிற!"

மலேசியாவில் திக்காம் பத்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் சத்தம் போட்டாள். அவள் பக்கத்தில் இருந்தவன் கிளினிக்கில் நோயாளிகளைப் பதிய மென்பொருள் செய்தவன். அது திட்டப்படி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

"மலாய்க்கு அலி, சீனத்துக்கு ஆ சோங்னு போட்டுப் பாத்தேன்லாக்கா. எல்லாம் ஓகே."

"உன் பேரைப் போட்டியா?"

"என் பேரு எதுக்குக்கா?"

"நம்மாளுங்களுக்கு அப்பா பேருக்கு முன்னால மகன்னா ஏ/எல், மகள்னா ஏ/பி வரும்னு பிளான்லயே எழுதியிருக்கு. நடுவுல அந்தச் சாய்ஞ்ச கோட்டைப் போட்டா அடிக்கவே விடமாட்டேங்குது."

"கோட்டை விட்டுட்டு அடிக்கலாம்லா."

"அப்புறம் ஐசியில இருக்கிற பேரு வேறன்னு ஊசி போட வந்தவங்களைத் திருப்பி அனுப்புவாங்க. நீ போய் பதில் சொல்றியா?"

"பாஸ் இன்னிக்கே சைன் கேட்டாருக்கா. உங்களத்தான் ஏசுவாரு."

"ஏசட்டும். மொதல்ல உன் பேரை அடி."

அவன் போனில் அடித்தான். பின் சீட்டில் இருந்த நான் பயந்துபோய் என் அடையாள அட்டையான ஐசியை எடுத்துப் பார்த்தேன். என் பேரிலும் கோடு இருந்தது.

"என்னங்குது?"

"பேரு செல்லாதுங்குதுக்கா."

அவன் இன்னொரு முறை அடித்துப் பார்த்தான்.

"திங்கக்கிழமை எங்கம்மாவும் அங்கதான்கா ஊசிக்குப் போறாங்க."

"அப்போ பாஸுக்கு நீயே சொல்லு."

அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அவன் பாஸுக்குப் போன் போட்டுவிட்டான்.