ரௌட்டரத் தொடாதீங்க மாமி

ஹலோ... ஹலோ, ரமீஸ் தம்பியா? வலைக்கும் ஸலாம், வலைக்கும் ஸலாம். நான் ருக்கையா பேசுறேன், அக்கவுண்ட்ஸ் ருக்கையா... ஆமா ஆமா, அதே ருக்கையாதான். உங்க ஐடி டிபார்ட்மென்ட்டுக்கு இப்படி ஓயாம போன் அடிக்கிறதுக்கு வேற எந்த ருக்கையா இருக்கா?

...ஆமா தம்பி, மறுபடியும் உள்ள விடமாட்டேங்குது. பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். செவப்பா ஒரு பொட்டி வந்து நிக்குது. நீ யாரு, எங்கேருந்து வர்றன்னு கேக்குற மாதிரி. மூணு வருசமா அந்த ஆபீஸ்ல வேல பாக்குறேன், என்னயப் பாத்து யாருன்னு கேக்குது!

...இல்ல, கோவம் இல்ல. அழுகதான் வருது. பாஸ் மெயில் போட்டிருக்காரு, பாத்தீங்களா? உங்களுக்கும் காப்பி போட்டிருக்காரே... ஆ, அதேதான். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள இது சரியாகலன்னா வீட்லேருந்து வேல பாக்குறது கேன்சல். திங்கக்கெழமலேருந்து துவாஸ் ஆபீஸுக்கு வரணுமாம். பொங்கோல்லேருந்து துவாஸ்! சிங்கப்பூரோட இந்த மூலையிலேருந்து அந்த மூல. அதுக்கு மேல போனா கடல்தான் தம்பி!

...நீங்க சிரிப்பீங்க. பூன் லேல இருக்கீங்க, பல்லு வெளக்கிட்டே ஆபீஸ் வந்துடுவீங்க. எம் மக ஹனீன் இந்த வருசம்தான் ப்ரைமரி ஒன். ஸ்கூல் விட்டதும் கேட்டாண்ட என் மொகத்தத்தான் தேடுவா. நான் துவாஸ்ல ஒக்காந்திருந்தா அவ யாரத் தேடுவா? எனக்கு அது ஒண்ணுதான் பயம். வேற எதுவும் இல்ல.

...சரி சரி. சொல்லுங்க, செய்றேன். என்ன வேணும் உங்களுக்கு?

...வீட்டு இன்டர்நெட்டோட வெளி நம்பரா? அது உங்ககிட்ட பதிஞ்சிருந்தாத்தான் உள்ள விடுமா? அதத்தான் காலையிலயே மெயில்ல அனுப்பினேனே. கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் செட்டிங் தொறந்து, நானாவே தேடி, நானாவே கண்டுபிடிச்சேன். ஒன் நைன் டூ டாட் ஒன் சிக்ஸ் எய்ட் டாட் ஒன் டாட் எய்ட். எழுதிக்கிட்டீங்களா?

...ஏன் பெருமூச்சு விடுறீங்க?

...என்னது, உங்க வீட்லயும் இதே நம்பரா? அது எப்படி? அப்ப உங்க ஆளுங்க எனக்கு செகண்ட் ஹேண்ட் நம்பர் குடுத்திருக்காங்களா?

...ம்... ம்... மெதுவா சொல்லுங்க லா. வீட்டுக்கு உள்ள ரௌட்டர் குடுக்குற நம்பர் வேற, வெளியில தெரியிற நம்பர் வேற... இருங்க, இருங்க. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன், சரியான்னு பாருங்க. இப்ப எங்க வீடு ஏழாவது மாடி, நூத்திப் பன்னெண்டு. ஏழாவது மாடி நூத்திப் பன்னெண்டு எல்லா ப்ளாக்குலயும் இருக்கும். தபால்காரருக்கு அத மட்டும் சொன்னா அவரு எங்க போவாரு? ப்ளாக் நம்பர் வேணும். நான் உங்களுக்கு யூனிட் நம்பர மட்டும் அனுப்பிட்டு, ப்ளாக் நம்பர விட்டுட்டேன். சரியா?

...பாத்தீங்களா! எனக்கும் மூள இருக்கு தம்பி.

...ரௌட்டர் எங்க இருக்கா? இங்கதான், எம் பக்கத்துலயே. பாம் ஷெல்டர்ல.

...ஆமா, சண்ட வந்தா ஒளியிறதுக்குன்னு வீட்டுக்குள்ள கட்டி வச்ச அந்த பாம் ஷெல்டர்லதான் என் ஆபீஸ். ரெண்டு ரூம்ல ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு என் வீட்டுக்காரரப் பெத்த மாமிக்கும் ஹனீனுக்கும். ஹால்ல டிவி. வேற எங்க போவேன்? ஒரு பக்கம் அரிசி மூட்ட, ஒரு பக்கம் நோன்புக் கஞ்சி காய்ச்சுற பெரிய சட்டி, நடுவுல நான். அன்னிக்கு வீடியோ மீட்டிங்ல பாஸ் கேட்டாருல்ல, உங்க பின்னாடி இருக்குறது ஏதாச்சும் இசைக் கருவியான்னு? அது இடியாப்பத் தட்டு.

...ஆ, ரௌட்டரு, லேப்டாப்பு, இந்த வீட்டு போனு, மூணும் ஒரே மல்டி ப்ளக்குலதான். மூணு ப்ளக்கும் கறுப்பு. எது எதுன்னு எனக்கே தெரியாது, அதனாலதான் நான் அந்தப் பக்கம் கைய வைக்கிறதே இல்ல... ஆமா, வீட்டு போன்லதான் பேசுறேன். இந்த ரூம்ல ஹேண்ட்ஃபோனுக்கு லைன் வராது, செவுரு அவ்ளோ கெட்டி. இந்த போனும் இப்பல்லாம் அந்த ரௌட்டர் வழியாத்தான் ஓடுதாம். அன்னிக்குக் கம்பெனிக்காரன் வந்து மாட்டிட்டுப் போனான்.

...சரி, வெளி நம்பர் காட்டுற வெப்சைட். இருங்க, ஹேண்ட்ஃபோன்ல தொறக்குறேன். இங்க லைன் இல்ல, அப்படியே இந்த வயர் இல்லாத போன எடுத்துக்கிட்டுக் கிச்சன் ஜன்னலாண்ட வரேன்... மாமி, ஒண்ணும் இல்ல மாமி, ஆபீஸ் போன்... இல்ல, சாப்புட்டேன்... அப்புறம் சாப்புடுறேன் மாமி.

...வந்துருச்சு, வந்துருச்சு! ஒன் நைன் எய்ட் டாட் ஃபைவ் ஒன் டாட் ஒன் ஓ ஓ டாட் த்ரீ. இதான என் ப்ளாக் நம்பர்?

...எந்தக் கம்பெனின்னு போட்டிருக்கு? இருங்க... இது என் ஹேண்ட்ஃபோன் கம்பெனி பேரால்ல இருக்கு.

...வைஃபை ஆன்ல இருக்கான்னா... இல்லயே. நான் எப்பயுமே டேட்டாதான். மாசத்துக்கு அவ்ளோ டேட்டா குடுக்குறான், தீக்கலன்னா வீணாப் போகுதே!

...அலாமாக்! அப்ப நான் சொன்னது என் வீட்டு நம்பரே இல்லயா? இது தெருவுல போற பஸ்ஸோட நம்பர் மாதிரியா? ஏறுனவங்க எல்லாருக்கும் ஒரே நம்பரு... ம்ம். அழிங்க, அழிங்க. அதப் பதிஞ்சீங்கன்னா பொங்கோல் முழுக்க உள்ள வந்துடும்.

...எங்க வீட்டுக்காரரக் கேக்கவா? நல்லாச் சொன்னீங்க! அவரு லிட்டில் இந்தியா கடையில இருக்காரு. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் அத்தரும் தொப்பியும்தான். போன வாரம் ரிமோட்டுல பேட்டரி மாத்துறதுக்கு யூட்யூப் பாத்தாரு.

...சரி, லேப்டாப்லயே தொறக்குறேன். பாம் ஷெல்டருக்குப் போறேன்... மாமி, கால கொஞ்சம் மடக்குங்க... ஆ, ஒக்காந்துட்டேன். மழ வேற இருட்டிக்கிட்டு வருது தம்பி, அங்க எப்படி?... இன்னும் இல்லயா. இங்க கிச்சன் ஜன்னல்ல பாத்தேன், ஒரே கருப்பு.

...தொறந்துடுச்சு. டூ ஓ த்ரீ. டாட். ஸீரோ. டாட். ஒன் ஒன் த்ரீ. டாட். ஃபோர் செவன். வீட்டு இன்டர்நெட் கம்பெனி பேருதான் போட்டிருக்கு.

...இதானா? அல்ஹம்துலில்லாஹ்! இவ்ளோதானா?

...ஏன், என்ன ஆச்சு? ஏன் "ஹ்ம்"ங்கிறீங்க? டாக்டர் எக்ஸ்ரே பாக்குற மாதிரி "ஹ்ம்" போடாதீங்க தம்பி.

...என்னது? செவ்வாக்கெழம நீங்களே பதிஞ்சு வச்சது வேற நம்பரா? கடைசியில ஃபோர் செவன் இல்ல, வேற என்னமோவா? அதுக்கு முன்னாடி போட்டது இன்னொண்ணா? அப்ப என் வீடு நடந்துக்கிட்டே இருக்கா?

...ரௌட்டர யாரு ஆஃப் பண்ணாங்கன்னா... சேச்சே. எங்க வீட்ல யாரும் தொடமாட்டாங்க தம்பி. சத்தியமா. நான் அந்தப் பக்கம் தும்முறதுகூட இல்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கம்பெனிக்காரன் புது நம்பர் குடுத்துடுவானா? குடுக்கட்டும், ஆனா யாரு ஆஃப் பண்ணப் போறா?

...மழ பேஞ்சிச்சான்னு ஏன் கேக்குறீங்க? சிங்கப்பூர்ல எப்பத்தான் பேயல? செவ்வாக்கெழம... ஆமா, நல்ல மழ. நேத்தும் மழதான், இடி வேற, ஹனீன கூட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள தொப்பலா நனஞ்சு... இடி...

...தம்பி, ஒரு நிமிசம். லைன்லயே இருங்க. எனக்கு ஒரு சந்தேகம்.

மாமி! மாமி, டிவிய கொஞ்சம் கொறைங்க. நேத்து இடி இடிச்சப்ப நான் ஹனீன கூட்டியார ஸ்கூலுக்குப் போயிட்டேன்ல? அப்ப நீங்க வீட்ல என்ன பண்ணீங்க?... ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணீங்க. சரி. டிவி, சரி. ஃபேனு... ரைஸ் குக்கரு... அப்புறம்?... அந்தக் கண்ண சிமிட்டுற டப்பாவா? மாமி, அதுதான் மாமி ரௌட்டரு!

...தம்பி, கேட்டுச்சா? ஆள் கெடச்சாச்சு. இடி இடிச்சா எங்க மாமி வீடு முழுக்க ப்ளக்கப் புடுங்கிடுவாங்க. முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒழுங்கா மாட்டி வச்சுட்டுத் தஸ்பீஹ் மணிய எடுத்துக்கிட்டு ஒக்காந்துடுவாங்க. எனக்கு எப்படித் தெரியும்?

...இல்ல தம்பி, நான் திட்டல. எங்க வீட்லயும் அப்படித்தான். சின்னப் புள்ளயில, மின்னல் வெட்டுன ஒடனே எங்க உம்மா கத்துவாங்க, நாங்க ஆளுக்கொரு ப்ளக்குக்கு ஓடுவோம். இன்னிக்கும் சத்தம் கேட்டா கை தானாப் போகும். ஆனா எனக்கு இப்ப துவாஸ் பயம்தான் பெருசு.

மாமி, இங்க வாங்க, கேளுங்க. நீங்க அந்த டப்பாவ ஆஃப் பண்ணா, ஆபீஸ்ல என்னய உள்ள விடமாட்டாங்க. வேலைக்கு நான் துவாஸுக்குப் போவணும். விடியறதுக்கு முன்னாடி கெளம்பினா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவேன்... ஆமா, தெனமும்... அப்புறம் ஹனீன யாரு கூட்டியாருவா? உங்க முட்டிய வச்சுக்கிட்டு நீங்க போவீங்களா?... என்ன மாமி?

...தம்பி, இருங்க. ஏதோ சொல்றாங்க.

...ம்... மாமி... சரி மாமி. எனக்குத் தெரியும் மாமி. கண்ணத் தொடைங்க.

...இல்ல தம்பி, ஒண்ணும் இல்ல. "உன் கம்ப்யூட்டர் எரிஞ்சுபோனா உன் வேல போயிடுமேன்னுதான் புடுங்கினேன்"ங்கிறாங்க. கடைசியாச் சொன்னாலும், ஃப்ரிட்ஜுக்கு முன்னாடி மொதல்ல அந்த டப்பாவத்தான் புடுங்குவாங்களாம். என் மனசு உருகிப் போச்சு, போங்க. இனிமே இவங்கள நான் எப்படிக் கோவிச்சுக்குறது?

...நெரந்தர நம்பரா? வாங்கலாம். ஆனா பாஸ் கையெழுத்துப் போடணும்ல. அதுவரைக்கும் தொடாம இருந்தாப் போதும்னு சொல்றீங்க. மாமி, ஆபீஸ் தம்பி சொல்றாரு, இடியே விழுந்தாலும் அந்த டப்பாவத் தொடக்கூடாது. சரியா?... தம்பி, சத்தியம் பண்ணிட்டாங்க. அது மட்டுமில்ல, ஸ்டூல எடுத்துப் போட்டு பாம் ஷெல்டர் வாசல்ல ஒக்காந்துட்டாங்க. கையில தொடப்பக்கட்ட. இனிமே யாரு தொட்டாலும் அடிதானாம்.

...சரி, பதிங்க, பதிங்க. ஃபோர் செவன். இப்ப மணி என்ன? அஞ்சுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கு... ம்... ம்... ரிஃப்ரெஷா? பண்ணிட்டேன். சுத்துது... சுத்துது... யா அல்லாஹ்... செவப்புப் பொட்டி வரல! வரல தம்பி! "வெல்கம் ருக்கையா"ன்னு போட்டிருக்கு! மாமி, என்னய உள்ள விட்டுட்டாங்க!

...பாஸுக்கும் அனுப்பிட்டீங்களா? என்ன சொன்னாரு? ஓகேன்னு கட்டவெரலு காட்டிட்டாரா? தம்பி, நீங்க நல்லா இருப்பீங்க. அடுத்த தடவ லிட்டில் இந்தியா வந்தா எங்க கடைக்கு வாங்க, அவருகிட்ட சொல்லி நல்ல அத்தரா ஒண்ணு வாங்கித் தரேன். ஆனா "மறுபடியும் ஏதாச்சும் மாறுனா நான் பொறுப்பு இல்ல"ன்னு பாஸ் மாதிரிப் பேசாதீங்க, கேக்கவே நல்லா இல்ல.

...யம்மாடி! கேட்டுச்சா? எங்க ப்ளாக்கு மேலயே விழுந்த மாதிரி ஒரு இடி! இருங்க தம்பி, ஆபீஸ் லேப்டாப்பு, எரிஞ்சுதுன்னா பாஸ் என்னய எரிச்சுடுவாரு. அது ஒண்ண மட்டும் கழட்டிடுறேன்... இல்ல தம்பி, ரௌட்டர இல்ல, லேப்டாப்ப மட்டும். பேட்டரி இருக்கு, ஓடும். மாமி, தொடப்பத்த எறக்குங்க, நான்தான்... ஏன் மாமி கத்துறீங்க, நான் என் லேப்டாப்பு ப்ளக்கத்தான் புடுங்குறேன்... அட, எனக்குத் தெரியாதா எது என்னோடதுன்னு? இந்தா, புடுங்கிட்டேன். முடிஞ்சுது. பாருங்க, லேப்டாப்புல சார்ஜு லைட்டு இன்னும் எரிஞ்சுக்கிட்டே... எரிஞ்சுக்கிட்டே இருக்கு...

ஹலோ?

ரமீஸ் தம்பி?... ஹலோ?... ஹலோ?... அந்த டப்பா ஏன் கண்ண சிமிட்டல?

மாமி, சிரிக்காதீங்க மாமி.