காரியாக்காரனுக்குப் பெண் கிடையாது

— பேரென்ன சொன்னே?

— பிஸ்மஷ்க்குங்க ஐயா. அசல் எகிப்துப் பேரு. நம்ம மகாராசா பேரையே வச்சிருக்காங்க.

— அதான் உறுத்துது. இந்த மெம்பிஸ்ல காரியாக்காரன் தெருவுல கல்லெறிஞ்சா ராசா பேரு வச்சவன் மண்டையிலதான் விழும். கடல் தாண்டி கூலிக்கு ஈட்டி தூக்க வந்த பயலுக, தொட்டில்லயே ராசாவுக்குக் காக்கா பிடிக்க ஆரம்பிச்சிடுறானுங்க. அதுசரி, எங்க வாயில அது ப்சம்தெக். நீ ஏன் மென்னு துப்புறே?

— பல்லு வலிங்க.

— அப்பா, வந்தவருக்கு ஒரு குவளை பீர் கொடுத்துட்டு வாயைக் கிளறக் கூடாதா?

— நீ சும்மா இரு தமீத். தம்பி, ஏபிஸ்ங்கிற சாமி மாட்டுக்குத் தலைமுறை தலைமுறையா தீனி வைக்கிற குடும்பம் இது. அந்நியனுக்குப் பொண்ணு கொடுத்தேன்னு தெரிஞ்சா, பூசாரிங்க என்னை மாட்டுக்கிட்டயே விடமாட்டானுங்க. பொழப்புல மண்ணு.

— மாடு ஒண்ணும் கேக்கலையேப்பா. கட்டிக்கப் போறவ நானு.

— பாத்தியா வாயை! பேரை மட்டும் நம்மகிட்ட இரவல் வாங்குவானுங்க. பேசுறது தவளைச் சத்தம். அதுல ஒரு வார்த்தை இந்த வீட்ல யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

— ஐயா, சத்தியமா நான் இந்த மண்ணுதான். தமீத்துன்னா எனக்கு உசிரு. அவ இல்லேன்னா நைல்ல குதிச்சு முதலைக்குச் சோறாயிடுவேன்.

— முதலை என்ன பாவம் செஞ்சுது? இருக்கட்டும், தலையில ஏன் துணி?

— நெத்தியில கொப்புளமுங்க.

— போன வாரம் ஐசிஸ் அம்மனோட துக்கத் திருவிழா. ஊரே மாரடிச்சு அழுதுச்சு. காரியாக்காரன் மட்டும் அது போதாதுன்னு கத்தியெடுத்து நெத்தியைக் கீறிக்கிட்டான். அதே வாரம், அதே இடத்துல உனக்குக் கொப்புளமா? அவுரு.

— வேண்டாங்கய்யா...

— அவுருடான்னா! நானே அவுக்கிறேன், குனி!

— ஐயோ, இழுக்காதீங்க, எரியுது! சீ, கழுதைக்குப் பொறந்த கிழட்டு ஆடே!

— எவன்டா கிழட்டு ஆடு? எங்கப்பன் கழுதையா? என் வாசல்ல நின்னுக்கிட்டு, பொண்ணும் கேட்டுக்கிட்டு, என்னையே...

— அப்பா, எதுக்குக் குதிக்கிறே? அவர் கடைசியா என்ன சொன்னார்? எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியலையே.

— உனக்கு எப்படிப் புரியும் தமீத்? அது காரியா பாஷை. இல்லீங்களா, மாமா?